பொதுக் கணனியும் வேலைக் கணக்கும்

தனக்கே உரிய கிணற்றில் எத்தனை வாளி நீர் அள்ளினோம் என்று எவரும் எழுதிவைப்பதில்லை. பலர்க்குப் பொதுவான கிணறாயின், நீர் வற்றுங் காலத்தில், அவ்வெண்ணிக்கையே வழக்காக மாறும். பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் இன்று நிறுவப்பட்டுள்ள பெரிய சேவையகங்கள் இத்தகைய பொதுக் கிணறுகளே. அவை தம்மிடம் வந்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவைக்கின்றன. யார் கொடுத்த வேலை, எப்போது வந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தது, எத்தனை செயலிகளைக் கேட்டது, எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நினைவகத்தை நிரப்பியது, நன்கு முடிந்ததோ இடையிற் சிதைந்ததோ என்பன அவ்வரியில் அடங்கும். இவ்வரிகள் ஆண்டுக்கணக்கிற் திரண்டு புள்ளிவிபரமாகின்றன. புதிய இயந்திரம் வாங்குவதா, எத்துறைக்கு எவ்வளவு கட்டணம் விதிப்பது, எவர் வேலையை முன்னே விடுவது என்பன அப்புள்ளிவிபரங் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. ஆகவே அவ்வரிகளை யார், எதன்பொருட்டு, எவ்வாறு எழுதினர் என்பது கல்வெட்டையும் ஓலையையும் ஆராய்பவன் கேட்கும் வினாவைப் போன்றதே. அதனைக் கணனியறிஞர்க்கு மட்டும் விட்டுவிடல் தகாது.

தொடக்கத்தில் இவ்வினாவுக்கு இடமே இருக்கவில்லை. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி முதன்முதலாக இயங்கிய எட்சாக் என்னுங் கணனி ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே செய்தது. வேலை தர வந்தோர் தம் செய்நிரலைக் கடதாசி நாடாவிற் துளையிட்டுக் கொணர்வர். அந்நாடாக்கள், துணி உலர்த்துங் கொடியிற் போல, ஒரு கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடப்பட்டன. கயிற்றின் வரிசையே வேலையின் வரிசை. எவர் எவ்வளவு நேரம் இயந்திரத்தைக் கைக்கொண்டார் என்பதை அறியச் சுவர்க் கடிகாரமும் ஒரு குறிப்பேடும் போதுமாயிருந்தன. ஒரு நேரத்தில் ஒருவரே உள்ளேயிருக்கும் அறைக்கு வேறு கணக்கு வேண்டுவதில்லை.

இயந்திரத்தின் விலை ஏறவே அக்குறிப்பேட்டின் மதிப்பும் ஏறிற்று. மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1957இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 704 இயந்திரத்தின் நாளை மூன்று முறைகளாக வகுத்தனர். ஒரு முறை அந்நிறுவகத்தார்க்கு. மற்றொன்று நியூ இங்கிலாந்துப் பகுதிக் கல்லூரிகளுக்கு. எஞ்சியது இயந்திரத்தை உதவிய ஐ.பி.எம். நிறுவனத்துக்கு. இப்பங்கீடு எளிதாயினும், பங்கின் உள்ளே வீண்போன நேரம் மிகுதி. ஒருவர் அட்டைகளை எடுத்துக்கொண்டு வெளியேற, அடுத்தவர் தம் நாடாக்களைப் பொருத்தும் வரை விலைமதிப்புள்ள அவ்வியந்திரம் வாளாவிருந்தது. இவ்வீணைத் தவிர்க்கவே ஜெனரல் மோட்டேர்ஸ் ஆய்வுகூடத்தாரும் நோர்த் அமெரிக்கன் ஏவியேசன் நிறுவனத்தாரும் சேர்ந்து 1956இல் 704 இயந்திரத்துக்கு ஒரு மேற்பார்வைச் செய்நிரலை ஆக்கினர். ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததை மனிதர் கைபடாது அதுவே தொடங்கிவைத்தது. பல வேலைகளை ஒரு கட்டாகக் கட்டி ஓடவிடும் வழக்கம் இவ்வாறு பரவியது. வேலையின் தொடக்கமும் முடிவும் இயந்திரத்தின் பொறுப்பாகவே, அவற்றின் நேரத்தைக் குறிக்கும் எழுதுகோலும் மெல்ல மெல்ல மனிதர் கையினின்று இயந்திரத்தின் கைக்கு மாறியது. இம்மாற்றத்தை எவரும் விழாவெடுத்துக் குறிக்கவில்லை. ஆயினும் கணக்கு எழுதுபவனே கணக்குக்குரிய பொருளாகவும் ஆன நிலை அன்று தொடங்கியது.

அடுத்து வந்த மாற்றம் கடிகாரத்தையே செல்லாக்காசாக்கியது. ஒரு வேலை நாடாவுக்கோ அச்சுப்பொறிக்கோ காத்திருக்கும்போது மற்றொரு வேலையைச் செயலி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்ததும், பத்து மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கு முடிந்த வேலை ஒரு மணிநேரம் இயந்திரத்தைப் பயன்படுத்தியது என்று கூறுதல் பிழையாயிற்று. அதே வேலை இன்று ஒரு மணியும் நாளை மூன்று மணியும் எடுக்கக்கூடும். வேறுபாடு அயலில் ஓடும் பிறர் வேலையால் வருவது. பிறர் நெரிசலுக்கு இவர் கட்டணஞ் செலுத்துதல் முறையாகுமா? மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 1962 டிசெம்பரிற் தொடக்கிவைக்கப்பட்ட அட்லஸ் இயந்திரம் இதற்கு ஓர் அழகிய விடை கண்டது. அதிற் கட்டளைகளை எண்ணும் ஒரு பொறி இருந்தது. 2048 கட்டளைகள் நிறைவேறுந்தோறும் அது மேற்பார்வைச் செய்நிரலுக்கு ஒரு குறிப்புக் கொடுத்தது. மணியை விட்டுச் செய்த வேலையை எண்ணியமை நேர்மையான முறையே. எனினும் கட்டளைகள் யாவும் ஒரே பாரமுடையன அல்ல. கூட்டலும் வகுத்தலும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. அளவுகோல் எதுவாயினும் அதன் முனையில் ஏதோ ஒன்று மடிந்தே கிடந்தது.

இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி மாசச்சூசெற்ஸ் நிறுவகத்திலேயே நிகழ்ந்தது. ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே வேளையிற் தத்தம் தட்டச்சுப் பொறியிலிருந்து கையாளல் கூடும் என்னும் கருத்தை ஜோன் மக்காத்தி 1959 ஜனவரி 1ஆந் திகதியிட்ட குறிப்பொன்றில் எழுதினார். அதே ஆண்டு யூன் மாதம் பாரிஸ் நகரில் நிகழ்ந்த யுனெஸ்கோ மாநாட்டிற் கிறிஸ்தோபர் ஸ்ரேச்சி நேரப்பகிர்வு பற்றி ஒரு கட்டுரை படித்தார். கோர்பற்றோவும் அவர் துணைவரும் ஆக்கிய இணக்க நேரப்பகிர்வு முறைமை 1961 நவம்பரில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. பின்னர் அது ஐ.பி.எம். 7094 இயந்திரத்தில் ஏறத்தாழ முப்பது பேர்க்கு ஒரே வேளையிற் தொண்டு செய்தது.

அம்முறைமையிற் பாவனையாளர் ஒவ்வொருவர்க்கும் நாளின் ஒவ்வொரு முறைக்கும் இத்தனை நிமிடம் என்று ஒதுக்கீடு இருந்தது. வட்டிற் சேமிக்கும் இடத்துக்கும் அவ்வாறே எல்லை வகுக்கப்பட்டது. தம் ஒதுக்கீட்டில் எவ்வளவு செலவாயிற்று என்பதைக் காட்ட ஒரு தனி ஆணை இருந்தது. அதனினும் நுண்ணியது ஒவ்வோர் ஆணையும் முடிந்தவுடன் தட்டச்சாகிய சிறு வரி. ‘ஆர்’ என்னும் எழுத்தும் கூட்டற்குறியால் இணைந்த இரண்டு தசம எண்களும் மட்டுமே அதில் இருந்தன. முதலெண் கணித்தலுக்குச் சென்ற செக்கன்; இரண்டாவது, அவ்வேலையை வட்டிலிருந்து நினைவகத்துக்கும் மீண்டும் வட்டுக்குமாக மாற்றுதற்குச் சென்ற செக்கன். தாம் செய்த வேலைக்கும், தம்மை உள்ளே அழைத்து வெளியே விடுதற்கான கூலிக்கும் வெவ்வேறு கணக்குக் காட்டிய இவ்வரியை மிஞ்சிய நேர்மை பிற்காலக் கட்டணப் பட்டியல்களிற் காண்பது அரிது.

ஒதுக்கீடு என்று வந்ததும் பெயரைச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. ஒருவர் நேரத்தை மற்றவர் செலவழியாதிருக்கவும் ஒருவர் கோப்பை மற்றவர் பாராதிருக்கவும் அம்முறைமை கடவுச்சொல்லைக் கைக்கொண்டது. உலகெங்கும் இன்று கோடிக்கணக்கானோர் நாள்தோறும் தட்டச்சுச் செய்யும் அச்சொல்லுக்குப் பின்னே இரகசியங் காக்கும் விருப்பம் மட்டுமன்றி நேரக் கணக்கும் நிற்கின்றமை மறக்கப்பட்டுவிட்டது.

அக்கடவுச்சொல்லுக்கு விரைவிலேயே சோதனை வந்தது. அலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர்க்கு வாரமொன்றுக்கு நான்கு மணிநேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் செய்ய எண்ணிய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962இன் வசந்த காலத்தில் அவர் ஒரு வழி கண்டார். கோப்புகளை அச்சிட்டுத் தரும்படி துளையட்டை மூலம் விண்ணப்பிக்கும் வசதி அங்கே இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு அவர் ஓர் அட்டையைச் சமர்ப்பித்தார். சனிக்கிழமை காலை கடவுச்சொற் கோப்பு முழுவதும் அச்சாகி அவர்க்காக அலுமாரியிற் காத்திருந்தது. பிறர் பெயரில் நுழைந்து தம் வேலையைத் தொடர்ந்தார். இதனை அவரே பல ஆண்டுகளின் பின் வெளியிட்டார். முறைமையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2011இல் வெளியான நினைவுத் தொகுப்பிலும் இச்செய்தி இடம்பெற்றது. அங்ஙனமாயின் அவ்வாரங்களின் கணக்கேட்டிற் சிலர் தாம் செலவழியாத நேரத்துக்கு உரியவராகத் தோன்றியிருத்தல் வேண்டும். ஏட்டின் கூட்டுத்தொகை பிழையன்று, பெயர்களே பிழை. கூட்டிப் பார்ப்பதால் மட்டும் இத்தகைய பிழையை எவரும் கண்டுகொள்ள இயலாது.

வேடிக்கை யாதெனில், கணக்கை ஏய்த்த அதே ஷெர் தாம் கணக்கெடுப்பின் முன்னோடியானமையே. 1965இல் நிறைவுசெய்த கலாநிதிப் பட்ட ஆய்வேட்டிற்காக அவர் அம்முறைமையின் பாவனையை அளந்து எழுதினார். கணனி ஒரு விடையைத் தந்தபின் அடுத்த ஆணையைக் கொடுத்து முடிக்க மனிதர் எடுத்த நேரம் சராசரி ஏறத்தாழ 35 செக்கன் என்றும், அவ்வாணையை நிறைவேற்றச் செயலிக்கு வேண்டிய நேரம் சராசரி ஒரு செக்கனுக்குங் குறைவு என்றும் அவர் கண்டார். முப்பது பேர் ஓர் இயந்திரத்தைப் பங்கிட்டும் ஒவ்வொருவரும் அது தமக்கே உரியதென எண்ணியிருந்தமையின் இரகசியம் இவ்விரண்டு எண்களில் அடங்கியிருந்தது. பழுதடையும் பொறிகளையும் அவற்றைத் திருத்துபவனையும் பற்றிய பழைய கணித மாதிரி ஒன்றைக் கொண்டு இத்தகைய முறைமையின் தாமதத்தை முன்கூட்டியே கூறலாம் என்றும் அவர் காட்டினார். கட்டணத்துக்கும் கட்டுப்பாட்டுக்குமாகப் பார்க்கப்பட்ட அளவு, மனிதர் சிந்திக்கும் வேகத்தை உரைக்கும் சான்றாக மாறியமை இங்கேதான்.

எல்லோரும் ஒதுக்கீட்டை விரும்பினர் என்று கருதலாகாது. டாட்மத் கல்லூரியிற் கெமெனியும் கேர்ட்ஸும் மாணவர் துணையுடன் ஆக்கிய நேரப்பகிர்வு முறைமை 1964 மே 1ஆந் திகதி அதிகாலையில் உயிர்பெற்றது. அடுக்குகளைத் திறந்துவைத்துள்ள நூலகத்தைப் போலக் கணனியும் மாணவர்க்குக் கட்டணமின்றித் திறந்திருத்தல் வேண்டும் என்பது கெமெனியின் கொள்கை. நூலகத்தில் எவரும் வாசகனின் தலைமேல் மணிக்கூட்டைக் கட்டுவதில்லை. ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இக்கொள்கை மனத்துக்கு உகந்ததே. ஆயினும் புத்தகம் ஒன்றைப் பத்துப் பேர் அடுத்தடுத்து வாசித்தால் அது பத்து மடங்கு மெதுவாவதில்லை. பொதுக் கணனி அவ்வாறாகும். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இதற்கு நேரெதிரான வழியொன்று முயலப்பட்டது. அங்கிருந்த பி.டி.பி.-1 இயந்திரத்தின் நேரம் ஏலத்தில் விடப்பட்டது. ஆய்வுகளின் முக்கியத்துவத்துக்கேற்ப ‘யென்’ எனப் பெயரிட்ட கற்பனை நாணயம் பாவனையாளர்க்கு வழங்கப்பட்டது. வேண்டிய நேரத்துக்கு அவர் அதனைக் கொண்டு விலை கூறுவர். ஐவன் சதர்லண்ட் 1968இல் இதனை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். உண்மைப் பணம் ஒரு சதமும் கைமாறவில்லை. ஆனாற் பின்னிரவு மலிவானது, நண்பகல் விலையேறியது.

வணிக உலகில் இவ்வளவு விளையாட்டுக்கு இடமில்லை. ஐ.பி.எம். 360 இயந்திர வரிசையின் பணிசெயல் முறைமையில் வேலை ஒவ்வொன்றின் முதல் அட்டையிலும் கணக்கிலக்கம் எழுத இடம் விடப்பட்டது. 1960களின் இறுதியில் அதனுடன் சேர்ந்த எஸ்.எம்.எவ். என்னும் ஏற்பாடு வேலையின் ஒவ்வொரு படியின் முடிவிலும் இலக்கமிட்ட ஒரு பதிவை வட்டிற் பொறித்தது. அப்பதிவுகளின் வழிவந்தோர் இன்றும் பெருவங்கிகளின் இயந்திரங்களில் வாழ்கின்றனர்.

யுனிக்ஸ் முறைமையின் கணக்கு வேறோர் இயல்புடையது. 1971 நவம்பரில் வெளியான அதன் முதற் கைந்நூலிலேயே, யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியேறினார் என்பதைத் தொடர்ந்து எழுதும் கோப்பொன்று விவரிக்கப்பட்டுள்ளது. 1979இல் வெளியான ஏழாம் பதிப்பில் ஒவ்வொரு செயன்முறை முடியும்போதும் ஒரு சிறு பதிவை எழுதும் வசதியும், அவற்றைக் கூட்டித்தரும் ஆணையும் இருந்தன. அப்பதிவை உற்றுநோக்குவார்க்கு மூன்று குறைகள் புலப்படும். முதலாவது, செயன்முறை முடிந்தபின்னரே பதிவு எழுதப்படும். மாதக்கணக்கில் ஓயாது ஓடும் செய்நிரல் ஒரு வரியும் பெறாது. மின்வெட்டில் இயந்திரம் நின்றுவிடின் அப்போது ஓடியவை யாவும் சுவடின்றி மறையும். மரணங்களை மட்டும் பதியும் ஏட்டைக் கொண்டு ஓர் ஊரின் மக்கட்தொகையை எழுத முயல்வதை இது ஒக்கும். இரண்டாவது, கடிகாரம் செக்கனின் அறுபதில் ஒரு பங்குக்கு ஒருமுறை தட்டும். தட்டிய கணத்திற் செயலியில் நின்ற வேலைக்கே அப்பங்கு முழுவதும் எழுதப்படும். இரு தட்டுகளுக்கிடையே வந்து போனது எதுவும் செலவழியாததாகத் தோன்றும். மூன்றாவது, இடத்தைச் சிக்கனப்படுத்த நேரத்தை 16 இருமக் கூறுகளில், 13 கூறு எண்ணாகவும் 3 கூறு அடுக்காகவும் சுருக்கினர். நேரம் பெருகுந்தோறும் எண் கரடாகும். செய்நிரலின் பெயர் பதியப்பட்டது. அது எதன்மேல் ஏவப்பட்டது என்பது பதியப்படவில்லை.

இத்துணைக் குறைகள் இருந்தும், இத்தகைய கணக்கொன்றின் எழுபத்தைந்து சதம் நாடுகளுக்கிடையிலான வழக்கொன்றைத் திறந்துவைத்தது. கலிபோர்ணியாவிலுள்ள லோறன்ஸ் பேர்க்கிளி ஆய்வுகூடத்திற் பாவனையாளர்க்கு நேரக் கட்டணம் விதிக்கப்பட்டது. அதற்கு இரண்டு கணக்குகள் இருந்தன: யுனிக்ஸ் தானே எழுதியது ஒன்று, ஆய்வுகூடத்தார் தாமே ஆக்கியது மற்றொன்று. 1986 ஆகஸ்ட் மாதத்தில் இரண்டின் கூட்டுத்தொகையும் 75 சதத்தால் வேறுபட்டன. வானியலாளராயிருந்து அப்போதுதான் கணனிப் பிரிவுக்கு மாறி வந்த கிளிபட் ஸ்ரோலிடம் இவ்வேறுபாட்டை ஆராயும் பணி விடப்பட்டது. கழித்தலிற் பிழை என்று தள்ளிவிடத்தக்க தொகைதான். அவர் தள்ளவில்லை. கட்டணம் அனுப்ப முகவரியில்லாத ஒரு பாவனையாளர் பெயர் இயந்திரத்தில் இருந்தமையும், அப்பெயரிற் சில செக்கன் செலவானமையும் தெரியவந்தன. பெயரை நீக்கினார். பின்னர் வேறு வழிகளில், வெளிநாடு சென்றிருந்த பாவனையாளர் ஒருவர் பெயரிலும், அந்நியன் மீண்டும் மீண்டும் நுழைவது கண்டுபிடிக்கப்பட்டது.

ஸ்ரோல் அவனை விரட்டாது மாதக்கணக்கில் அவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் அச்சிற் பதித்தார். ஏறத்தாழ 450 கணனிகளை அவன் தட்டிப் பார்த்தான். முப்பதுக்கு மேற்பட்டவை திறந்தன. அவற்றுட் படைத்துறை சார்ந்தனவும் இருந்தன. பொய்க் கோப்புகளை இரையாக வைத்து அவனை நீண்ட நேரம் தங்கச்செய்து, தொலைபேசித் தொடர்பைப் பின்தொடர்ந்தபோது தடம் மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் போய் முடிந்தது. அவனும் கூட்டாளிகளும் பெற்றவை சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டன என்பது வெளியாயிற்று. 1990இல் ஜேர்மன் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. ஸ்ரோல் 1988இல் ஓர் ஆய்விதழிலும் 1989இல் ஒரு நூலிலும் இதனை விரித்துரைத்தார். பலர் இதனை ஒரு துப்பறியும் கதையாகவே படித்தனர். வரலாற்று மாணவன் அதிற் காணவேண்டியது வேறு. எக்கணக்கும் தனித்து நின்று கள்வனைக் காட்டவில்லை. வெவ்வேறு கையால், வெவ்வேறு நோக்கத்தோடு எழுதப்பட்ட இரண்டு ஏடுகள் ஒன்றோடொன்று முரண்பட்டமையே காட்டியது. சிக்கனம் கருதி ஒரு கணக்கு முன்னரே நிறுத்தப்பட்டிருப்பின் 75 சத வேறுபாடும் எழுந்திராது.

பல நூறு செயலிகள் ஒன்றுகூடிய இயந்திரங்கள் வந்தபின் கேட்டதும் பயன்படுத்தியதும் வெவ்வேறாயின. 2002 அளவில் லோறன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்திற் தோன்றி இன்று உலகெங்கும் வழங்கும் ஸ்லேர்ம் என்னும் வேலை ஒழுங்குபடுத்தி இரண்டையும் பதிகின்றது. நாற்பது செயலிகளைக் கேட்டு ஒன்றை மட்டும் உழைக்கவிட்ட வேலைக்கு நாற்பதும் எழுதப்படும். ஏனெனில் மற்றை முப்பத்தொன்பதையும் வேறெவர்க்கும் கொடுக்க இயலவில்லை. உண்மையில் உழைத்த நேரம் வேறொரு நிரலில் நிற்கும். இரு நிரல்களுக்குமிடையேயுள்ள இடைவெளியே நிருவாகி முதலிற் காணவேண்டியது. ஆனால் நினைவகக் கணக்கை ஸ்லேர்ம் இடையிடையே எட்டிப் பார்த்தே எழுதுகின்றது. நிருவாகி மாற்றாவிடின் முப்பது செக்கனுக்கு ஒருமுறை. இரு பார்வைகளுக்கிடையே நினைவகத்தை நிரப்பி மடிந்த வேலை, ஏட்டிற் சிறிதளவே உண்டதாகத் தோன்றும். ‘இவ்வளவு குறைவாகப் பயன்படுத்திய என் வேலை ஏன் கொல்லப்பட்டது?’ என்று ஆய்வு மாணவன் முறையிடும்போது அவனும் பொய்யனல்லன், ஏடும் பொய்யன்று.

அவ்வொழுங்குபடுத்தி முன்னர் மிகுதியாகப் பயன்படுத்தியவரின் அடுத்த வேலையைப் பின்னே தள்ளவும் வல்லது. ஆனால் அது பழைய செலவை என்றென்றும் நினைத்திருப்பதில்லை. இயல்பான ஏற்பாட்டின்படி ஏழு நாளுக்கு ஒருமுறை அச்செலவின் எடை பாதியாகக் குறையும். ஒரு மாதத்தின் முன் இயந்திரத்தை முழுதும் விழுங்கியவர் இன்று பதினாறில் ஒரு பங்குக் குற்றவாளியே. வரலாற்றை இவ்வளவு ஒழுங்காக மறக்கும் ஏடு பழைய அரசுகளிடம் இருந்ததில்லை.

இவ்வரிகளுக்கு இரண்டாவது வாழ்வும் உண்டு. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் பைற்றல்சன் பல இயந்திரங்களின் வேலைப் பதிவுகளைத் திரட்டி ஒரு சுவடிச்சாலை அமைத்தார். வேலை ஒன்றுக்கு 18 களங்கள் கொண்ட ஒரே வடிவில் அவை எழுதப்பட்டன. கட்டணப் பட்டியலில் எல்லாவற்றினும் முதன்மையான பெயர் அங்கே நீக்கப்பட்டு எண்ணாக மாறியது. தம் வேலை எவ்வளவு நேரம் ஓடும் என்று பாவனையாளர் முன்கூட்டிக் கூறும் மதிப்பு உண்மையினும் மிகப் பெரிதாயிருக்கும் என்பது இத்தகைய பதிவுகளால் உறுதியாயிற்று. கூறிய நேரம் கடந்தால் வேலை கொல்லப்படும் என்று அஞ்சுபவர் கூட்டிக் கூறுதல் இயல்பே.

அச்சுவடிச்சாலையின் பழைய பதிவுகளுள் ஒன்று, அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஏம்ஸ் ஆய்வுகூடத்தில் 128 கணுக்களுடன் இயங்கிய இன்ரெல் இயந்திரத்தினுடையது. 1993 ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களுக்குரியது. அதில் 42,264 வேலைகள் உள. இயந்திரம் எத்துணை மும்முரமாயிருந்தது என்று வியக்கத் தோன்றும். பைற்றல்சனும் நிற்ஸ்பேர்க்கும் 1995இல் அதனைப் பகுத்து நோக்கியபோது அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை ஒரே சிற்றாணை என்பது புலனாயிற்று. தான் எக்கோப்பகத்தில் நிற்கின்றது என்று மட்டும் கேட்கும் ஆணை அது. இயந்திரம் உயிரோடிருக்கின்றதா என்று பார்க்க மேற்பார்வையாளர் இடையறாது அதனை ஏவிக்கொண்டிருந்தனர். அவர்கள் தட்டிய கதவின் ஓசையும் விருந்தினர் வருகையாக எழுதப்பட்டுவிட்டது. அவ்வாணைகள் 24,025ஐயும் நீக்கினால் எஞ்சுவன 18,239. சுவடிச்சாலையில் மூலப் பதிவும் திருத்திய பதிவும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன.